புதுப்பிப்பு: இரண்டு பெரிய நாய்களுக்கு இடமுள்ள பழைய கார், வாங்கியாச்சு

இரண்டு குழந்தைகள், இரண்டு லாப்ரடார்கள், குறைந்த பட்ஜெட்; எந்தப் பழைய கார் வாங்கலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

மூன்றாம் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியா எஸ்டேட் (கூரை பின்பக்கம் வரை நீண்டு, டிக்கி பெரிதாக இருக்கும் வகை) வாங்கினோம். டிக்கி 610 லிட்டர்.

உண்மையில் கைகொடுத்தது, ‘நாய்களையும் கூட்டிப்போய் ஏற்றிப் பாருங்கள்’ என்ற யோசனைதான். முதலில் பார்த்த வேறொரு வண்டியில் டிக்கி பெரிதுதான். ஆனால் பின்கண்ணாடி சரிந்து இறங்கியதால் நாயால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. லிட்டர் கணக்கை மட்டும் நம்பாதீர்கள், உயரத்தையும் அளந்து பாருங்கள். நாங்கள் வாங்கிய ஆக்டேவியாவில் டிக்கியின் விளிம்பு தாழ்வு, அதனால் வயதான நாயும் தானே ஏறிவிடுகிறது.

அப்புறம், நமக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டச் சொன்னதும் நல்லதாயிற்று. எதிர்பாராத விஷயம்: டைமிங் பெல்ட் (எஞ்சினின் உள்பாகங்களை ஒத்திசைவாக இயக்கும் பட்டை) மாற்றியதற்கு ரசீதே இல்லை. அறுந்தால் எஞ்சினே போய்விடும் என்றார். அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லி வாங்கி, முதல் வேலையாகப் பெல்ட்டை மாற்றிவிட்டோம்.