செம்மஞ்சள் மூத்திரமும் சளிக் குப்பியும்: எங்கள் வீட்டில் நடந்தது

வாழைச்சேனை அக்கா:

தம்பி கட்டாரில் இருந்து வந்த நாளிலிருந்து இருமல். ஊரில் ஒரு டொக்டர் இரண்டு தடவை பாணி மருந்து தந்தார், எக்ஸ்ரே எடுக்கச் சொல்லவே இல்லை. மூன்றாம் மாதம் மார்பு கிளினிக்கில்தான் கசம், அதாவது காசநோய் (டிபி) என்றார்கள். சளி கேட்டபோது தம்பி வெட்கத்தில் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டான். திரும்பக் கேட்டார்கள், கொடுக்கவில்லை. எக்ஸ்ரேயைப் பார்த்து நான்கு மருந்து சேர்ந்த குளிசையைத் தொடங்கினார்கள்.

ஒருநாளும் தவறவிடவில்லை. விடிய வெறுவயிற்றில் நான்தான் தண்ணீரோடு முன்னால் நிற்பேன். மூத்திரம் செம்மஞ்சளாகப் போனதைக் கண்டு, "நோய் கழியுது மகன்" என்று அம்மா ஆறுதல்பட்டா. இரண்டு மாதம் போயும் இருமல் நிற்கவில்லை. சாரம் இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்தான்.

பிறகு ஒரு விடியற்காலை, கிளினிக் மிஸ் (தாதி) சொல்லித் தந்தபடி வளவுக்குள் தனியாக நின்று, மூச்சை ஆழமாக இழுத்து நெஞ்சுக்குள்ளிருந்து இருமி எடுத்தான். மஞ்சள் கட்டியாகக் குப்பியின் அடியில் ஒட்டிக்கொண்டது. அந்தச் சளியில்தான், அந்த நான்கு மருந்தில் ஒன்றான ரிஃபாம்பிசினுக்கு அடங்காத கிருமி என்று தெரிந்தது. இரண்டு மாதம் வீணாய்ப் போச்சு. உங்கள் வீட்டிலும் நடந்திருந்தால் எழுதுங்கள்.

ஏறாவூர், முன்பு ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர்:

தங்கச்சி, அந்தச் செம்மஞ்சள் ரிஃபாம்பிசினின் சொந்த நிறம். கிருமி செத்தாலும் சாகாவிட்டாலும் மூத்திரத்தில் வரும். நுணுக்குக்காட்டியில் நாங்கள் பார்ப்பதும் கிருமி இருக்கிறதா என்பதை மட்டும்தான். எந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரியாது. வளர்ப்புச் சோதனையில் தெரியும், ஆனால் கசக் கிருமி மெதுவாகப் பெருகுவதால் கிழமைக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஜீன்எக்ஸ்பர்ட் என்ற மெஷின், கிருமியை ரிஃபாம்பிசினுக்கு அடங்காததாக்கும் மாற்றம் அதன் ஆர்பிஓபி மரபணுவில் இருக்கிறதா என்று இரண்டு மணித்தியாலத்தில் பார்த்துவிடும். 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டபோது எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா! ஆனால் எச்சிலைப் போட்டால் எந்த மெஷினும் என்ன செய்யும்? என் மேசைக்கு நுரைத்த எச்சிலோடு வந்த குப்பிகள் எத்தனையோ. எப்படி எடுப்பது என்று சொல்லிக் கொடுக்காமல் குப்பியை மட்டும் நீட்டுவது பெரிய பிழை. தம்பி மேல் கோபப்படாதீங்க.

கல்முனைத் தம்பி:

அக்கா, எங்கட வாப்பாவுக்கும் இப்படி மருந்துக்கு அடங்காத கசம் அந்தக் காலத்தில் வந்தது. மாதக்கணக்கில் ஊசி. நோய் மாறியது, ஊசியால் காது போனது. இப்போதும் பாங்கு கேட்காமல் என் முகத்தைப் பார்த்துத்தான் தொழுகைக்கு எழும்புவார். அதனாலேயே புது மருந்துகளைத் தேடித் தேடி வாசிக்கிறேன். உஸ்பெகிஸ்தான், பெலாரஸ், தென்னாபிரிக்காவில் ரிஃபாம்பிசினுக்கு அடங்காத கசக்காரரிடம் நடந்த ஆய்வொன்றில் பெடாகுவிலின், பிரிடோமனிட், லினசோலிட், மொக்சிஃப்ளொக்சசின் நான்கையும் 24 கிழமை கொடுத்தார்கள். எல்லாம் குளிசை. 100க்கு 89 பேருக்கு நல்ல முடிவு. வழமையான சிகிச்சையில் 52 பேருக்குத்தான். 2022இல் உலக சுகாதார நிறுவனமும் இந்த ஆறுமாத முறையைப் பரிந்துரைத்தது. வாப்பாவுக்குப் பிந்திப்போன மருந்து.

ஒன்று மட்டும்: லினசோலிட் எடுக்கிறவரிடம் கால் விறைக்கிறதா, பார்வை மங்குகிறதா என்று அடிக்கடி கேளுங்கள். விறைத்தால் குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம், கிளினிக்கில் சொல்லுங்கள்.

வாழைச்சேனை அக்கா:

தம்பி வெலிசறை நெஞ்சுநோய் ஆஸ்பத்திரியில் தங்கி வந்து இப்போது வீட்டில் குளிசை எடுக்கிறான். அவனுடைய அட்டையிலும் லினசோலிட் இருக்கிறது. நேற்று ஒரு கால் செருப்பு கழன்றதே தெரியாமல் கடையிலிருந்து நடந்து வந்தான். கவனமில்லை என்று ஏசிவிட்டேன். நாளைக்கே கிளினிக்குக் கூட்டிப் போகிறேன்.