ஊர் நூலகத்தில் எதை முதலில் ஸ்கேன் செய்வது?

ஊர்நூலகர்: கிளை நூலகத்தில் பழைய நாவல்கள், கோயில் விழா மலர் புத்தகங்கள், சங்க அறிக்கைகள் எல்லாம் பொடிந்துகொண்டிருக்கின்றன. ஸ்கேனர் வந்தாச்சு. எதில் தொடங்கலாம்?

தாள்பூச்சி: முதலில் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்திலும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்திலும் தேடிப் பாருங்கள் சார், அங்கே இருக்கிற நாவலை மறுபடி ஸ்கேன் செய்வது வீண், உங்கள் ஊர் மலரும் அறிக்கையும்தான் வேறெங்கும் கிடைக்காது.

மேகலை: காப்புரிமை? ஆசிரியர் இறந்து 60 ஆண்டு முடிந்திருக்க வேண்டும், அல்லது அவர் நூல்களை அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்க வேண்டும். ஆசிரியர் பெயரில்லாத மலர் என்றால் வெளியான ஆண்டிலிருந்து 60.

தாள்பூச்சி: அப்புறம், ‘படம்001’ என்று கோப்பைப் போட்டுவைத்தால் தேடுகிறவர் கையில் சிக்காது. தலைப்பு, ஆண்டு, அச்சகம், ஊர் எல்லாம் தமிழில் தட்டச்சு செய்யுங்கள். பாதி நேரம் அதிலேயே போகும், போகட்டும்.

ஊர்நூலகர்: சரி, 1950களின் மலர்களிலிருந்து ஆரம்பிக்கிறேன்.