வேண்டுதல் பலிக்கவில்லை. நேர்த்திக்கடன் செலுத்தணுமா?

உளுந்துமூட்டை (யாங்கோன்) கேட்டது:

வணக்கம். பாயின்னவுங் சந்தையில ஒரு பருப்பு மண்டியில கணக்கு எழுதுறேன். உளுந்து, துவரை, பாசிப்பயறு. உளுந்தும் துவரையும் பெரும்பாலும் இந்தியாவுக்குப் போற சரக்கு. எத்தனை விசை (பர்மா எடைக் கணக்கு) வந்தது, எத்தனை மூட்டை ஏறினது, யார் பாக்கி, யார் பைசல்னு 19 வருஷம் ஓடிப்போச்சு. அதனால கேள்வியும் கணக்குக் கேள்வி மாதிரிதான் இருக்கும், கோவிச்சுக்காதீங்க.

2021 ஜூலை, கொரோனா அலை. யாங்கோன்ல இருந்தவங்களுக்கு அந்த மாசத்தைப் பத்தி நான் சொல்லவே வேண்டாம். அப்பாவுக்கு ஆக்சிஜன் அளவு 82. ஆஸ்பத்திரியில இடமில்லை. தம்பி இருட்டோட இருட்டா காலி சிலிண்டரைத் தூக்கிக்கிட்டுப் போய் கம்பெனி வாசல்ல வரிசையில உட்காருவான். சில நாள் நிரப்பிக்கிட்டு வருவான், சில நாள் காலியாவே வருவான். சிலிண்டரும் எங்களுது இல்லை. பக்கத்துத் தெருவுல வெல்டிங் பட்டறை வச்சிருக்கிற பர்மாக்காரர் குடுத்தது.

அந்த நாள்லதான் அம்மா மஞ்சத் துணியில ஒரு 1,000 கியாட் நோட்டை முடிஞ்சு சாமி படத்துக்குப் பின்னால வச்சாங்க. அப்பா எழுந்து உட்கார்ந்தா பீலிக்கான் அம்மனுக்கு மூணு வருஷம் பால்குடம், முனீஸ்வரர் பேரைச் சொல்லி 100 பேருக்குச் சோறு.

அப்பா எழுந்து உட்காரலை. நாலாம் நாள் விடியக்காலை மூணு மணிக்குப் போயிட்டார். சிலிண்டர் மீட்டர்ல முள் பாதியில நின்னுச்சு. மீதிக் காத்து உள்ளேயே இருக்கு, இழுக்க ஆள் இல்லை. தம்பி திருகி மூடினான். வெளுக்கிறதுக்குள்ள பட்டறைக்காரர் மகன் வந்து அதை உருட்டிக்கிட்டு எதிர்வீட்டுக்குப் போனான். அங்கே ஒரு பாட்டிக்கு இழுத்துக்கிட்டு இருந்துச்சு. அந்தப் பாட்டி பிழைச்சுட்டாங்க.

அந்த முடிச்சை அம்மா தொடவே இல்லை. 2024 பிப்ரவரியில ராணுவ ஆள்சேர்ப்புச் சட்டம் அமலுக்கு வந்ததும், 18ல இருந்து 35 வரைக்கும் ஆம்பிளைப் பிள்ளைங்க இருக்கிற வீடெல்லாம் கலங்கிப்போச்சு. தம்பி தாய்லாந்துக்குப் போயிட்டான். பாங்காக்குல கட்டட வேலை. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துல அங்கே கட்டிக்கிட்டிருந்த பெரிய கட்டடம் ஒண்ணு அப்படியே சரிஞ்சதே, ஞாபகம் இருக்கா? அவன் வேலை பார்த்தது வேற இடம்தான். ஆனா ராத்திரி வரைக்கும் போன் கிடைக்கலை. அம்மா சாமி படத்துக்கு எதிர்ல உட்கார்ந்து புதுசா எதையோ வேண்டிக்கிட்டாங்க. ஒன்பது மணிக்கு அவன் பேசினான்.

மறுநாள்ல இருந்து அம்மாவுக்குப் புதுப் பயம். "பழைய பாக்கியை வச்சுக்கிட்டு புதுசா கை நீட்டிட்டேனே" அப்படிங்கிறாங்க. அப்பாவுக்காகச் சொன்ன கடனையும் அடைக்கணுமாம். "சரக்கே வந்து சேரலை, எதுக்கும்மா பணம் கட்டணும்?"னு கேட்டேன். "அவ குடுக்காதது அவ பாடு. வாய் விட்டுச் சொன்னது நான்தானே?"

இப்போ விக்கிற அரிசி, எண்ணெய் விலைக்கு 100 பேர் சாப்பாடுன்னா என் ரெண்டு மாசச் சம்பளம். கஷ்டகாலத்துல சாமி நம்பிக்கை மனுஷனைத் தாங்கும்னு எல்லாரும் சொல்றாங்க. எங்க வீட்டுல அம்மாதான் அதைத் தூக்கிச் சுமந்துக்கிட்டு இருக்கிற மாதிரி இருக்கு. கடன் உண்டா, இல்லையா? அதையாவது சொல்லுங்க.

மேசோட் தம்பி:

அக்கா, இதுல யோசிக்க என்ன இருக்கு? அப்பாவுக்கு நாலு நாள் மூச்சு குடுத்தது வெல்டிங் பட்டறைக்காரர். கடன்னு ஒண்ணு இருந்தா அது அவருக்குத்தான். அம்மனுக்கு உங்க சாம்பாரா குறைச்சல்? அதே நிலநடுக்கத்துல சகாயிங்லயும் மாந்தலேயிலயும் வீடு இடிஞ்சு தார்ப்பாய்க்கு அடியில இருக்கிறவங்களுக்கு அந்தக் காசை அனுப்புங்க.

நானும் அதே ஆள்சேர்ப்புச் சட்டத்துக்குப் பயந்து எல்லை தாண்டி தாய்லாந்துப் பக்கம் வந்தவன்தான். எங்கம்மா கட்டின கறுப்புக் கயிறு இன்னும் கையில இருக்கு. அவிழ்க்கலை. அதுக்காக நம்புறேன்னு அர்த்தம் இல்லை.

ஓய்வுபெற்ற நர்ஸ், பகோ:

மேசோட் தம்பி, முதல்ல கயிறைப் பத்தி யோசி. பிறகு அடுத்த வீட்டு அம்மாவுக்குப் புத்தி சொல்லலாம்.

உளுந்துமூட்டை, நான் ரெண்டு பக்கமும் பார்த்தவ. 2008 மே மாசம் நர்கிஸ் புயல் அடிச்ச பிறகு போகலே பக்கம் மருந்துப்பெட்டியோட போனேன். செத்தவங்களும் காணாமப் போனவங்களும் 1,30,000 பேருக்கு மேலங்கிறது பிறகு பேப்பர்ல படிச்சதுதான். அங்கே இருக்கும்போது எண்ணிக்கையெல்லாம் தெரியாது, நாத்தம்தான் தெரியும். ஒரு பௌத்த மடத்துல ஊரே தங்கியிருந்துச்சு. மூணு பிள்ளைகளையும் தண்ணிக்குக் குடுத்த ஒருத்தி, மாத்திரை குடுத்தா வாயில வச்சுக்கிட்டுத் துப்பிடுவா. பேசமாட்டா, படுத்தது படுத்தபடி. ஆனா விடியக்காலை மடத்து மரமணி அடிச்சா எழுந்திரிப்பா. தலையை அள்ளி முடிஞ்சுக்கிட்டுப் போய் துறவிகள் பாத்திரத்துல ஒவ்வொரு கரண்டி சோறு வைப்பா. வச்சுட்டு வந்து மறுபடி படுத்துக்குவா. என் மருந்துப்பெட்டியில அந்த மணி மாதிரி ஒண்ணும் இல்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். 2021ல எங்க பேட்டையில ஒரு வீட்டுல குறி சொல்றவர் பேச்சைக் கேட்டு, "மூணு நாள்ல இறங்கிடும்"னு ஆளை வேப்பிலை போட்டுப் படுக்க வச்சிருந்தாங்க. நான் போய்ப் பார்க்கும்போது உதடு நீலம். அந்தக் குறிகாரரை எங்கே பார்த்தாலும் இப்பவும் முகத்தைத் திருப்பிக்குவேன். உங்கம்மா அப்படிச் செய்யலை. சிலிண்டர் ஒரு பக்கம், முடிச்சு ஒரு பக்கம்னு ரெண்டையும் பார்த்தாங்க.

நீ கேட்காததை நான் கேக்கறேன். நாலு வருஷமா அம்மா ராத்திரி தூங்குறாங்களா? சாப்பாடு இறங்குதா? இல்லைன்னா கோயில் கணக்கு அப்புறம், முதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ.

சூலியா வீட்டுப் பிள்ளை:

எங்க இஸ்லாம் மார்க்கத்துல இதுக்கு நேரடியா பதில் இருக்கு. "இன்னது நடந்தா இன்னது செய்றேன்"னு நேர்ச்சை வச்சா, அது நடந்தாத்தான் கடமை. நடக்கலைன்னா கடமை இல்லை.

எங்கம்மாவும் அதே ஜூலையில மாமாவுக்காக நேர்ச்சை வச்சாங்க. மாமா மவுத்தாயிட்டார். ஹஜ்ரத்கிட்ட கேட்டோம், இதையேதான் சொன்னார். அம்மா சட்டுனு எழுந்து போய் எடுத்து வச்ச காசை எண்ணி மாமி கையில குடுத்துட்டு, அன்னிக்குத்தான் முதல் தடவையா வாய்விட்டு அழுதாங்க. அதுவரைக்கும் அழலை. கடன் தீருற வரைக்கும் முடிவு தெரியலைன்னு நினைச்சாங்களோ என்னவோ. உங்க கோயில்ல பூசாரி ஐயா யாரும் இப்படிச் சொல்லமாட்டாங்களா?

பர்மா காலனி பெரியவர், திருச்சி:

அம்மா மகளுக்கு ஆசிகள். நான் ரங்கூனில் 1952இல் பிறந்தவன். 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்ததும் அப்பாவின் பெட்டிக்கடை ஒரே நாளில் முடிந்தது. மறு வருடம் கப்பலேறினோம்.

என் அப்பாவுக்கு நான் இரண்டாம் தாரத்துப் பிள்ளை. 1942இல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது முதல் மனைவியோடு தமு வழியாக மணிப்பூருக்கு நடந்தார். வழியில் அந்த அம்மாவுக்குக் காய்ச்சல். அப்பா ஒரு வேண்டுதல் வைத்தார். என்ன வேண்டுதல் என்று யாரிடமும் சொன்னதில்லை. அந்த அம்மா காட்டிலேயே போய்விட்டார். சண்டை ஓய்ந்து மறுபடி ரங்கூன் வந்த பிறகு, திருவிழா தவறாமல் எங்களை அம்மன் கோயிலுக்கு அழைத்துப் போவார். ஆனால் உள்ளே வரமாட்டார். செருப்பு விடும் இடத்தில் நின்று பீடி பிடிப்பார். கேட்டால், "எனக்கும் அவளுக்கும் பேச்சு வார்த்தை இல்லை" என்பார். நேர்த்திக்கடன் செலுத்தினாரா என்றால், இல்லை. விட்டாரா என்றால், அதுவும் இல்லை. கண் பறிபோன சுந்தரர் திருவாரூரில் சிவனையே ஏசிப் பாடியிருக்கிறார், அதை இன்றும் ஓதுகிறார்கள். அப்பாவுக்குப் பாடத் தெரியாது, பீடி பிடித்தார்.

கப்பலேறுவதற்கு முந்தின நாள் தனியாகப் போய்விட்டு வந்தார். நெற்றியில் திருநீறு இருந்தது. அதைப் பற்றியும் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

உங்கள் அம்மாவிடம் தள்ளுபடி மட்டும் கேட்காதீர்கள்.

உளுந்துமூட்டை (யாங்கோன்):

பெரியவர் எழுதினது நான் படிக்கிறதுக்கு முன்னாலேயே தள்ளுபடி கேட்டுட்டேன்! 25 பேர்னு சொன்னேன். "100ன்னா 100"னு அம்மா திரும்பிப் படுத்துக்கிட்டாங்க. ஹஜ்ரத் சொன்னதையும் படிச்சுக் காட்டினேன். "அவங்க சாமி பெருந்தன்மை. நம்மவ அப்படி இல்லை."

கடைசியில மண்டி வழக்கத்தைச் சொன்னேன். மாசம் 10 பேர், 10 மாசத் தவணை. பால்குடம் பிறகு. "தவணைக்கு அவ ஒத்துக்குவாளா?"னு அம்மா கேட்டதும் போன்ல தம்பி சிரிச்ச சிரிப்பு அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். அம்மாவும் சிரிச்சாங்க. நர்ஸ் அக்கா, தூக்கம் பத்தி நீங்க கேட்டது சரிதான். வர்ற செவ்வாய் டாக்டர்கிட்ட போறோம்.

முதல் தவணை ஆடி வெள்ளிக்கு. பௌத்த விரதகாலம் தொடங்குற வாசோ மாசம்னு பட்டறைக்காரர் கறி தொடமாட்டார், நம்ம சோறு சைவம்ங்கிறதால குடும்பத்தோட வந்தார். எதிர்வீட்டுப் பாட்டி ரெண்டாவது தடவை ரசம் கேட்டு வாங்கிக் குடிச்சாங்க. அம்மா அவங்களையே பார்த்துக்கிட்டு நின்னாங்க, கரண்டி கையிலயே இருந்துச்சு. அந்தச் சிலிண்டர் பத்தி பாட்டிக்குத் தெரியுமான்னு எனக்குத் தெரியாது.

சாமான் கழுவி முடிச்சதும் அம்மா என்னைக் கணக்கு நோட்டை எடுக்கச் சொன்னாங்க. ஆள் ஆளா எண்ணிச் சொன்னாங்க, எழுதினேன். குழந்தையை ஒரு ஆளாச் சேர்க்கலாமான்னு ஒரு தகராறு. கடைசியில சேர்த்தோம்.

செலுத்தியது 10. பாக்கி 90.