விடுதலையான பிறகும் தீர்ப்பில் பெயர் இருக்க வேண்டுமா?

நான்காம் எதிரி:
2009-இல் எங்கள் ஊரில் ஒரு வண்டிப்பாதைத் தகராறு அரிவாள் வரைக்கும் போனது. பெரியப்பா மகன்கள் இருவர் அந்தச் சண்டையில் இருந்தது உண்மை. நான் அன்றைக்குக் கல்லூரி விடுதியில் இருந்தேன். புகார் எழுதும்போது வீட்டிலுள்ள ஆண்பிள்ளைகள் பெயரை மொத்தமாகச் சேர்த்துவிடுவது எங்கள் பக்கத்தில் வழக்கம். படிக்கிற பையன் என்றால் கட்டாயம் சேர்ப்பார்கள், வேலைக்குப் போய்விடக் கூடாதே! அப்படித்தான் நான் நான்காம் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்ட நான்காம் ஆள் ஆனேன். செஷன்ஸ் கோர்ட்டில் 5 வருஷம் தண்டனை. மேல்முறையீட்டில் மதுரைக் கிளை என்னை விடுதலை செய்தது.

இப்போது என் பெயரை கூகுளில் போட்டால் முதலில் வருவது அந்தத் தீர்ப்புதான். தாத்தா பெயரும் ஊர்ப்பெயரும் சேர்ந்த பெயர் என்பதால் வேறு யாரோ என்று சொல்லவும் முடியாது. இரண்டு சம்பந்தம் கைநழுவிவிட்டது. ஓர் அலுவலகத்தில் வேலை உறுதி என்று சொல்லிவிட்டு அப்புறம் போனே எடுக்கவில்லை. கோர்ட்டே விடுவித்த ஒருவனின் பெயரைத் தீர்ப்பில் மறைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

வாய்தா வரதன்:
தம்பி, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் நீங்கள் கேட்பது உங்களுக்கு மட்டுமான மருந்து இல்லை. 28 வருஷமாகக் கறுப்புக் கோட்டு போடுகிறேன், அதனால் சொல்கிறேன். நீதிமன்றக் கதவு திறந்திருக்கிறது என்றால் தீர்ப்பும் திறந்திருக்க வேண்டும். யார் மீது வழக்கு, யார் விடுதலை, எதனால் விடுதலை, இதெல்லாம் ஊருக்குத் தெரிந்தால்தான் நீதிபதி ஒழுங்காக எழுதினாரா என்று கேட்க முடியும்.

இது பழைய பஞ்சாயத்து. ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதையை நக்கீரன் வெளியிடப் போக, அதிகாரிகள் தடுக்கப் பார்க்க, விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1994-இல் வந்த அந்த ராஜகோபால் வழக்குத் தீர்ப்பில் ஒருவரைத் தனியாக விட்டுவிடும் உரிமையையும் ஒப்புக்கொண்டார்கள். கூடவே, ஒரு விஷயம் பொது ஆவணத்தில், அதிலும் நீதிமன்ற ஆவணத்தில் ஏறிவிட்டால் அதன்மேல் அந்தரங்க உரிமை நிற்காது என்றும் சொன்னார்கள். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட பெண்கள் போன்றவர்களுக்கு மட்டும் விலக்கு.

உங்களைப் போலவே மேல்முறையீட்டில் விடுதலையான ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார். 2021-இல் தனி நீதிபதி, தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வரட்டும் என்று மனுவைத் தள்ளினார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு, பெயரை மறை, தீர்ப்புகளை இலவசமாகப் போடும் இந்தியன் கானூன் தளத்திலிருந்து தீர்ப்பை எடு என்றது. அதே ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. ஏன் என்று யோசியுங்கள்.

கொடுமுடி கோமதி:
வக்கீல் சாரோடு நான் பாதி ஒத்துப்போகிறேன். மீதிப் பாதியில் அவரைவிடக் கடுமையாக இருக்கிறேன்.

என் அத்தை மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது எல்லாரும் "தங்கமான பையன்" என்றார்கள். நான்தான் பெயரைத் தேடினேன். முதல் மனைவி கொடுத்த வரதட்சணைக் கொடுமை வழக்கு வந்தது. விடுதலைதான். எப்படி விடுதலை? பெண்ணின் அப்பா, அம்மா, பக்கத்து வீட்டுக்காரர் என்று மூன்று பேரும் பிறழ் சாட்சி. மூன்று பேரும் ஒரே நாளில் மனம் மாறினால் அதற்கு என்ன அர்த்தம் என்று ஊர் நாட்டில் எல்லாருக்கும் தெரியும். விடுதலையானவர்கள் பெயரை எல்லாம் மறைக்கலாம் என்று இருந்திருந்தால் அந்தப் பையனும் மறைந்திருப்பான்.

விடுதலை என்றால் நிரபராதி என்று அர்த்தமில்லை, நான்காம் எதிரி அண்ணா. உங்களைச் சொல்லவில்லை.

நான்காம் எதிரி:
என்னைச் சொல்லவில்லை என்று சொல்லிக்கொண்டேதான் எல்லாரும் என்னைச் சொல்கிறார்கள். அதுதான் பிரச்சினையே.

சிலந்தி:
நான் கணினிக்காரன். சட்டம் அரைகுறைதான், ஆனால் இங்கே இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்புகிறீர்கள். தீர்ப்பு இணையத்தில் இருப்பது வேறு. பெயரைத் தட்டினால் முதலில் அது வந்து நிற்பது வேறு.

உயர் நீதிமன்றத் தளத்திலும் இ-கோர்ட்ஸ் தளத்திலும் தீர்ப்புகள் இருக்கின்றன. அங்கே தேட வேண்டுமென்றால் வழக்கு எண்ணோ கட்சிக்காரர் பெயரோ போட்டு, கோணல்மாணலாக இருக்கும் கேப்சா எழுத்தையும் படித்துத் தட்ட வேண்டும். கூகுளின் தேடுபொறி அந்தக் கேப்சாவைத் தாண்டி உள்ளே போவதில்லை. வெளித்தளங்கள் தீர்ப்பை எடுத்துத் திறந்த பக்கமாகப் போடும்போதுதான் அது பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. ஒரு பக்கத்தைத் தேடலில் காட்டாதே என்று சொல்ல ஒரு சின்னக் குறிப்பு போதும். பக்கம் அங்கேயே இருக்கும், சுட்டி வைத்திருப்பவர் படிக்கலாம், பெயரைத் தட்டினால் மட்டும் வராது.

ஐரோப்பாவில் 2014-இல் நடந்தது இதுதான். ஸ்பெயின்காரர் ஒருவரின் வீடு கடனுக்காக ஏலத்துக்கு வந்த அறிவிப்பு 1998-இல் ஒரு செய்தித்தாளில் வந்திருந்தது. கடனெல்லாம் தீர்ந்து பல வருஷம் கழித்தும் கூகுளில் அதுவே வந்துகொண்டிருந்தது. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், பெயர்த் தேடலில் அந்தச் சுட்டியைக் காட்டாதே என்று கூகுளுக்குச் சொன்னது. செய்தித்தாளின் பக்கத்தில் யாரும் கை வைக்கவில்லை. பாவம், மறக்கச் சொல்லிப் போனவர் பெயர் இப்போது எல்லாச் சட்டப் பாடநூலிலும் இருக்கிறது. அது தனிக்கதை.

வாய்தா வரதன்:
சிலந்தி, நல்ல யோசனைதான். ஆனால் யார் முடிவு செய்வது? ஐரோப்பாவில் முதல் விண்ணப்பம் கூகுளுக்குத்தான் போகிறது. எது பொதுநலன், எது அந்தரங்கம் என்று அமெரிக்கக் கம்பெனியில் சம்பளம் வாங்கும் ஒருவர் முடிவு செய்வார், நாம் அதற்குத் தலையாட்ட வேண்டுமா?

அப்புறம் ஒன்று. இந்த வாசலைத் திறந்தால் முதலில் நுழைவது வண்டிப்பாதைத் தகராறில் மாட்டிய பையன் இல்லை. சொத்துக்குவிப்பு வழக்கில் சாட்சியெல்லாம் கவிழ்ந்து விடுதலையான முன்னாள்கள் நுழைவார்கள், அதுவும் பெரிய வக்கீல்களோடு. தேர்தலுக்கு ஆறு மாதம் இருக்கும்போது மனு வரும்.

இன்னொரு சுயநலமும் இருக்கிறது, மறைக்கவில்லை. நான் தொழிலுக்கு வந்த காலத்தில் சட்ட சஞ்சிகைச் சந்தா கட்ட முடியாமல் சீனியர் ஆபீசில் இரவு உட்கார்ந்து கையால் எழுதிக்கொண்டு வருவேன். 2008-இல் இந்தியன் கானூன் இலவசத் தளம் வந்த பிறகுதான் தாலுகா கோர்ட் வக்கீலும் சென்னை வக்கீலும் ஒரே தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க முடிந்தது. அதில் ஒரு செங்கல்லை உருவினாலும் எனக்கு வலிக்கும்.

டோர்ட்முண்ட் தவம்:
நான் இருக்கிற ஜெர்மனியில் தீர்ப்பு வெளியாகும்போதே பெயரை எடுத்துவிட்டு ஓர் எழுத்தும் புள்ளியும்தான் போடுவார்கள். தோற்றவர், வென்றவர் எல்லாருக்கும் அதுதான். ஆராய்ச்சியும் நடக்கிறது, வக்கீல்களும் பிழைக்கிறார்கள். 1973-இல் லேபாக் என்றொரு பேர்போன வழக்கு. படைவீரர்களைக் கொன்ற வழக்கில் துணைபோனவர் தண்டனை முடிந்து வெளியே வரப்போகிற நேரம், தொலைக்காட்சி அவர் பெயரோடும் படத்தோடும் படம் காட்டப் பார்த்தது. அரசியல் சாசன நீதிமன்றம் தடுத்தது. அவரும் திரும்பச் சமூகத்துக்குள் வந்து வாழ வேண்டுமே என்றது. அவ்வளவுக்கும் அவர் குற்றவாளி. இங்கே தம்பி விடுதலையான ஆள்!

வாய்தா வரதன்:
தவம் அண்ணே, எங்கள் ஊரில் வழக்கே பெயரில்தான் ஓடும். கேசவானந்த பாரதி, மேனகா காந்தி. பெயரை எடுத்தால் ஜூனியர்களுக்கு நான் எதைச் சொல்லிக் கொடுப்பது? "புள்ளி க எதிர் மத்திய அரசு" என்றா?

டோர்ட்முண்ட் தவம்:
லேபாக் ஊர்ப்பெயர், ஐயா. பணியிடப் பாலியல் தொல்லை பற்றிய விசாகா வழக்கு என்று நீங்களே சொல்வீர்களே, பாதிக்கப்பட்ட அந்தப் பெண்ணின் பெயரா அது? மனுப் போட்ட அமைப்பின் பெயர்தானே!

வாய்தா வரதன்:
அது அடி. வாங்கிக்கொண்டேன்.

பெட்டிக்கடை:
எல்லாரும் கூகுளையே திட்டுகிறீர்கள். என் தம்பி காவலர் தேர்வில் எழுத்து, உடல்தகுதி எல்லாம் தேறினான். அடிதடி வழக்கு ஒன்றில் விடுதலையாகியிருந்தான். சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுவித்திருந்தாலோ, சாட்சி பிறழ்ந்து விடுதலை என்றாலோ குற்ற வழக்கில் தொடர்புள்ளவராகவே கருதப்படும் என்று காவல்துறைப் பணி விதியிலேயே இருக்கிறது. அவன் பெயர் இணையத்தில் எங்கேயும் இல்லை. ஸ்டேஷன் நோட்டில் இருந்தது, போதும். அரசாங்கமே மறக்காதபோது கூகுள் மறந்து என்ன ஆகப்போகிறது?

சிலந்தி:
பெட்டிக்கடை, வேலைக்கு எடுப்பவர் விசாரிப்பதும், தெருவில் போகிறவர் எல்லாம் விசாரிப்பதும் ஒன்றா? அங்கே உங்கள் தம்பியால் பதில் சொல்லவாவது முடிந்தது, கோர்ட்டுக்கும் போகலாம். பெண் வீட்டார் தேடிப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது?

இதில் புதுத் தலைவலி ஒன்றும் இருக்கிறது. 2025-இல் வெளியே வந்த விஷயம்: நார்வேக்காரர் ஒருவர் சாட்ஜிபிடியிடம் தன் பெயரைக் கேட்டார். அவருடைய பிள்ளைகளில் இருவரை அவரே கொன்றதாக அது கதை கட்டியது. பிள்ளைகள் எண்ணிக்கையும் ஊரும் சரி, கொலை மட்டும் முழுப்பொய். இந்தக் கருவிகள் திறந்த பக்கங்களைத் தின்று வளர்பவை. ஒரு தீர்ப்பில் எட்டுப் பெயர் இருந்தால் யார் எதிரி, யார் சாட்சி என்று அது பார்த்துப் பிரிக்கும் என்று நான் நம்ப மாட்டேன்.

கொடுமுடி கோமதி:
நான் கேட்க நினைத்தது ஒன்றுதான். நான்காம் எதிரி அண்ணா, உங்களை எதனால் விடுவித்தார்கள்? சாட்சி பிறழ்ந்தா?

நான்காம் எதிரி:
இல்லை. விடுதி வருகைப் பதிவேடும், அன்று மாலை எழுதிய தேர்வின் விடைத்தாளும். தேர்வு முடிந்து ஊர் வந்து சேர பேருந்தில் 4 மணி நேரம் ஆகும், சண்டை நடந்தது அந்த மாலையிலேயே. இவர் அங்கே இருந்திருக்கவே முடியாது என்று நீதிபதி எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தை நகலெடுத்து வைத்திருக்கிறேன். பெண் வீட்டார் வந்தால் காட்டலாம் என்று.

கொடுமுடி கோமதி:
அப்படியென்றால் அந்தத் தீர்ப்புதானே உங்களுக்குச் சாட்சி? அதை ஏன் அழிக்கச் சொல்கிறீர்கள்? நானாக இருந்தால் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவேன்.

நான்காம் எதிரி:
கடைசி வரை படிப்பவர்களுக்குத்தான் அது சாட்சி, தங்கச்சி. மேல்முறையீட்டுத் தீர்ப்பு எப்படி ஆரம்பிக்கும் தெரியுமா? "இன்ன குற்றத்துக்கு இத்தனை ஆண்டு கடுங்காவல் விதித்ததை எதிர்த்து இந்த மேல்முறையீடு" என்று ஆரம்பிக்கும். கூகுள் தேடலில் தெரிவது அந்த இரண்டு வரிதான். கொலை முயற்சி, கடுங்காவல், என் பெயர். விடுதலை என்ற சொல் பதினாறாம் பக்கத்தில் இருக்கிறது. உங்கள் அத்தை மகளுக்காக நீங்கள் பதினாறு பக்கம் படித்தீர்கள். எத்தனை பேர் படிப்பார்கள்?

கொடுமுடி கோமதி:
நான் படித்தேன் என்பது உண்மைதான். மாமா படிக்கவில்லை. முதல் வரியைப் பார்த்துவிட்டுத்தான் வேண்டாம் என்றார்.

ஆனாலும் என் எண்ணம் மாறவில்லை. குடும்ப வன்முறை வழக்கில் பெயரை மறைக்க விடவே மாட்டேன்.

வாய்தா வரதன்:
பதினாறாம் பக்கம் என்றது எனக்கு உறைக்கிறது. தீர்ப்பு எழுதும் முறையே அப்படித்தான்: முதலில் அரசுத் தரப்பு, பிறகு சாட்சிகள், கடைசியில்தான் முடிவு. கோர்ட்டில் வாசிக்கும்போது அதில் தப்பில்லை, எல்லாரும் கடைசி வரை உட்கார்ந்திருப்பார்கள்.

பெயரை அழிக்க நான் வர மாட்டேன், தம்பி. இப்போதும் சொல்கிறேன். 2023 தரவுச் சட்டமும் நீதிமன்றங்கள் தம் வேலைக்காகக் கையாளும் தரவில் அழிக்கக் கேட்கும் உரிமையை அப்படியே தராமல் விலக்கு வைத்திருக்கிறது. ஆனால், விடுதலைத் தீர்ப்பின் முதல் வரியிலேயே "இந்த எதிரி விடுவிக்கப்பட்டார்" என்று போட உத்தரவிடுங்கள், வெளித்தளமும் அந்த வரியைத்தான் தேடலில் காட்ட வேண்டும் என்று ஒரு மனு. இதை யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

டோர்ட்முண்ட் தவம்:
அதுக்குப் பெயரையே எடுத்துவிட்டால் என்ன, ஐயா?

வாய்தா வரதன்:
அண்ணே, மறுபடியும் ஆரம்பிக்காதீர்கள்.

நான்காம் எதிரி:
வக்கீல் சார், மனுப் போடலாம். ஆனால் மனுப் போட்டால் அந்தத் தீர்ப்பிலும் என் பெயர் வருமே?