சவோய் சொல்தோ: பாதி எழுத்தைக் காணோம், போலியா?

கேள்வி:
ஏலத்தில் சவோய் (பிரான்சு-இத்தாலி எல்லையில் இருந்த பழைய நாடு) டியூக் எம்மானுவேலே ஃபிலிபெர்தோ காலத்துச் சொல்தோ நாணயம் ஒன்று வாங்கினேன். ஒரு பக்கம் கிரீடம் வைத்த கேடயம், மறுபக்கம் சிலுவை. அவர் பெயரில் பாதி விளிம்போடு போய்விட்டது. கறுத்திருந்ததால் புளி போட்டுத் தேய்த்தேன், இப்போது செம்பாகச் சிவக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்:
புளியா! ஐயோ. சொல்தோ என்பது செம்பில் கொஞ்சம் வெள்ளி கலந்த பில்லான். மேலே இருந்த மெல்லிய வெள்ளிப் படலத்தை நீங்களே கழற்றிவிட்டீர்கள். எழுத்து விலகினால் போலி என்று அர்த்தமில்லை. அந்தக் காலத்தில் நாணயத்தைக் கையால்தான் அடித்தார்கள்: கீழச்சின் மேல் தகட்டை வைத்து, மேலச்சைக் கையில் பிடித்துச் சுத்தியலால் ஒரு போடு. கை கொஞ்சம் நகர்ந்தாலும் பெயர் வெளியே போய்விடும். என்னிடம் உள்ள ஒன்றில் கேடயமே சந்திரப் பிறையாகத்தான் தெரிகிறது!

கேள்வி கேட்டவர்:
சரி, இனி தொடமாட்டேன். எந்த ஆண்டு இருக்கும்?

பதில்:
பிரான்சு பிடித்து வைத்திருந்த நாடு 1559 ஒப்பந்தத்தில்தான் அவருக்குத் திரும்பியது. 1562இல் நாணய முறையைத் திருத்தினார்: 12 தெனாரோ ஒரு சொல்தோ, 20 சொல்தோ ஒரு லிரா. ஆண்டெண் சுற்றெழுத்தோடு வரும். உங்களுடையதில் அந்த இடம்தான் போயிருக்கும் போல. சாய்வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.