குடிலில் வசனம் வருகிறது, பாட்டு வந்தால் ஒலி நின்றுவிடுகிறது (அவசரம்)

குன்னூர்க் குடில் | டிசம்பர் 21, இரவு 9.40
வணக்கம். எங்கள் கோயிலின் கிறிஸ்துமஸ் குடிலுக்காக ஷோ கன்ட்ரோலர் ஒன்று வாங்கியிருக்கிறோம். பொத்தானை அழுத்தினால் விளக்குகள் வரிசையாக எரியும், கதை ஒலிக்கும். அதை ஆம்ப்ளிஃபயரில் கொடுத்தோம். வசனம் ஒழுங்காக வருகிறது. பாட்டு தொடங்கிய சற்று நேரத்தில் ஒலி அடங்கிவிடுகிறது. பிறகு தானாக வருகிறது, மறுபடியும் அடங்குகிறது. இரண்டு ஸ்பீக்கர்கள் அலறுகின்றன, மற்ற இரண்டில் காதை வைத்தால்தான் கேட்கிறது. போதாக்குறைக்கு ‘கொர்ர்’ என்ற இரைச்சல். 24ஆம் தேதிக்குள் சரியாக வேண்டும். என்ன செய்யலாம்?

மேட்டுப்பாளையத்தான் | 9.52
எந்த கன்ட்ரோலர்? ஆம்ப் எத்தனை வாட்? கன்ட்ரோலரின் எந்த முனையிலிருந்து ஆம்பின் எந்தத் துளைக்கு வயர் போகிறது? நான்கும் ஒரே வகை ஸ்பீக்கரா? இவற்றைச் சொல்லாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது.

ஈரக்காற்று | 9.58
ஈரம்தான். வடகிழக்குப் பருவமழை முடிந்தும் முடியாமலும் இருக்கிற இந்த நாட்களில் குன்னூரில் தீப்பெட்டியே பற்றாது, கன்ட்ரோலர் எம்மாத்திரம்? பெட்டியைத் திறந்து, உள்ளே ஒரு சிறிய பல்பை எரியவிட்டு இரவு முழுவதும் வையுங்கள்.

பழைய வால்வு | 10.06
இதே கேள்வி ஒவ்வொரு டிசம்பரிலும் வருகிறது. ஸ்பீக்கர் அவுட்டுக்கும் லைன் அவுட்டுக்கும் வேறுபாடு தெரியாதவர்கள் கன்ட்ரோலர் வாங்கக் கூடாது. முதலில் அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள் தம்பி.

வயர்மேன் | 10.11
அடாப்டர் போதவில்லை. பாட்டு வரும் நேரத்தில்தான் நட்சத்திர விளக்கும் எரியும், சரியா? 12 வோல்ட் இறங்கிவிடும். 2 ஆம்பியருக்குப் பதில் 5 ஆம்பியர் போடுங்கள்.

குன்னூர்க் குடில் | 10.30
மன்னிக்கவும், குடிலில் வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தேன். கன்ட்ரோலரில் பெயர் எதுவும் இல்லை, 12 வோல்ட் என்று மட்டும் இருக்கிறது. ஆம்ப் 60 வாட், மைக் செட்காரரிடம் வாங்கியது. ஸ்பீக்கர்: குழாய் இரண்டு, பெட்டி இரண்டு. எல்லாம் 8 ஓம் முனையில். வயர்மேன் அண்ணா, விளக்குகளைக் கழற்றிவிட்டும் பார்த்தேன், அப்போதும் அதேதான்.

மேட்டுப்பாளையத்தான் | 10.34
கன்ட்ரோலரின் எந்த முனை என்று கேட்டேனே?

குன்னூர்க் குடில் | 10.41
பச்சை நிறத் திருகு முனை. எல் பிளஸ், எல் மைனஸ், ஆர் பிளஸ், ஆர் மைனஸ் என்று நான்கு. ஷீல்டு வயரில் மூன்று கம்பிதானே, அதனால் மைனஸ் இரண்டையும் சேர்த்து முறுக்கிப் வயரின் வெளிப் பின்னலில் கொடுத்து, ஆம்பின் ஆக்ஸ் துளையில் (வெளி ஒலியை உள்ளே வாங்கும் துளை) செருகியிருக்கிறோம்.

ஈயப்பற்று | 10.55
அந்த முறுக்கைப் பிரித்துவிடுங்கள், இப்போதே. அது ஸ்பீக்கரை நேரடியாக மாட்டுவதற்கான முனை. இந்தச் சிறிய கன்ட்ரோலர்களுக்குள் இருக்கிற ஆம்ப் பெரும்பாலும் பிரிட்ஜ் முறையில் இயங்குவது. அதில் மைனஸ் என்பது எர்த் அல்ல. பிளஸ் போலவே அதுவும் ஓட்டப்படுகிற முனை, 12 வோல்ட்டில் பாதி அளவில் நின்றுகொண்டு மேலும் கீழும் ஆடும். இரண்டு மைனஸையும் சேர்த்தால் இடதும் வலதும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும்.

ஒன்று கேட்கிறேன்: வசனம் மோனோ பதிவு, பாட்டு ஸ்டீரியோ பதிவுதானே? மோனோவில் இரு பக்கமும் ஒரே மாதிரி ஆடுவதால் சண்டை இல்லை. ஸ்டீரியோ வந்ததும் மின்னோட்டம் எகிறுகிறது, சிப் தன்னைக் காத்துக்கொள்ள அணைகிறது, பிறகு மீள்கிறது. நீங்கள் சொன்ன அறிகுறி அப்படியே இதுதான். கன்ட்ரோலர் பெட்டியில் 3.5 மி.மீ. துளை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் லைன் அவுட், இன்னொரு ஆம்புக்குக் கொடுப்பதற்கான மெல்லிய ஒலி. ஆக்ஸுக்குக் கொடுக்க வேண்டியது அதைத்தான்.

பழைய வால்வு | 11.02
நான் முதலிலேயே சொன்னதைத்தான் இவர் நீட்டி முழக்கியிருக்கிறார்.

மேட்டுப்பாளையத்தான் | 11.05
நீங்கள் சொன்னது ‘படித்துவிட்டு வா’ என்பது ஐயா.

குடில் தம்பி, அந்தப் பெட்டி ஸ்பீக்கரின் பின்புறம் ‘100 வோல்ட், 20 வாட்’ என்று எழுதியிருக்கும், பாருங்கள். உள்ளே அந்த 100 வோல்ட்டை ஸ்பீக்கருக்கு ஏற்ற அளவுக்கு இறக்கும் மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. 60 வாட் ஆம்ப் 8 ஓம் முனையில் முழு மூச்சாகப் பாடினாலும் தருவது ஏறக்குறைய 22 வோல்ட். 100 வோல்ட் கேட்கும் பெட்டிக்கு அதில் ஒரு வாட்கூடத் தேறாது. பெட்டிகளை 100 வோல்ட் முனைக்கு மாற்றுங்கள். ஆனால் குழாயை அப்படியே அங்கே மாட்டிவிடாதீர்கள்: டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத 16 ஓம் யூனிட் 100 வோல்ட்டில் 600 வாட்டுக்கு மேல் இழுக்கப் பார்க்கும், காயில் கருகிவிடும். குழாயும் வேண்டுமென்றால் அதற்கும் டிரான்ஸ்ஃபார்மர் போட வேண்டும். நான்கின் வாட்டையும் கூட்டினால் 60ஐத் தாண்டக் கூடாது.

வயர்மேன் | 11.09
இரைச்சலுக்கு ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிடுங்கள், போய்விடும்.

ஈயப்பற்று | 11.12
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஈர மண், இரும்புப் பெட்டி, சுற்றிலும் குழந்தைகள். இரைச்சல் போகும், ஆளும் போகலாம். எர்த் சுற்று (ஆம்பும் கன்ட்ரோலரும் இரண்டு வழியாக எர்த்தில் இணைவது) காரணமென்றால் ஒலிக் கம்பியில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போதும், அது கம்பித் தொடர்பு இல்லாமல் ஒலியை மட்டும் கடத்தும். ஆம்பையும் கன்ட்ரோலரையும் ஒரே பிளக் பலகையில் மாட்டினாலே பாதி குறையும்.

தொட்டபெட்டா | 22ஆம் தேதி, காலை 6.20
எனக்கு ஒரு சந்தேகம். குடிலுக்கு எதற்கு ஐயா குழாய்? பத்தடி தூரத்தில் நின்று பார்க்கிறவர்களுக்கு இரண்டு பெட்டி போதாதா? மலையில் குழாய் வைத்தால் எதிர்ச் சரிவில் இருப்பவருக்கும் தூக்கம் கிடையாது.

ஈரக்காற்று | 7.05
ஆண்டுக்கு ஒரு நாள். அதற்குமா?

தொட்டபெட்டா | 7.11
ஒரு நாளா? பத்து நாள். ஒலி மாசு விதிகள் 2000இலிருந்து நடப்பில் இருக்கின்றன. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது.

மேட்டுப்பாளையத்தான் | 7.30
அதே விதியில் பண்டிகைகளுக்கு நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்வு தரலாம் என்றும் இருக்கிறது, ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல். ஒலிபெருக்கி வைக்க எழுத்து மூலம் அனுமதியும் வேண்டும்.

பழைய வால்வு | 7.41
அந்தக் காலத்தில் வால்வு ஆம்ப், ஒற்றைக் குழாய். மார்கழி முழுவதும் பாட்டு. யாரும் புகார் செய்ததில்லை.

தொட்டபெட்டா | 7.44
செய்திருப்பார்கள், உங்கள் காதில் விழுந்திருக்காது.

ஈரக்காற்று | 8.15
பல்பு வைத்துப் பார்த்தீர்களா என்று அவர் இன்னும் சொல்லவில்லையே?

குன்னூர்க் குடில் | 23ஆம் தேதி, இரவு 8.50
பக்கவாட்டில் ரப்பர் மூடிக்குள் 3.5 மி.மீ. துளை இருந்தது. அதற்கு மாற்றியதும் பாட்டு நிற்காமல் ஓடுகிறது. பெட்டி இரண்டும் 100 வோல்ட்டில். பங்குத்தந்தை குழாயைக் கழற்றச் சொல்லிவிட்டார். இரைச்சல் கொஞ்சம் இருக்கிறது. அனைவருக்கும் நன்றி, பாடல் ஒத்திகைக்கு அழைக்கிறார்கள்.

ஈயப்பற்று | 9.04
நல்லது. இரைச்சல் எப்போது வருகிறது, விளக்கு எரியும்போது மட்டுமா, எப்போதுமா? ஒலிக் கம்பியை ஆம்ப் பக்கம் அப்படியே விட்டு, கன்ட்ரோலர் பக்கம் மட்டும் உருவிப் பாருங்கள். இரைச்சல் தொடர்ந்தால் கம்பியிலோ ஆம்பிலோ தேட வேண்டும். நின்றுவிட்டால் கன்ட்ரோலர் அல்லது எர்த் சுற்று.

கோத்தகிரி கேரல் | 26ஆம் தேதி, காலை 10.15
எங்கள் குடிலிலும் இதே சிக்கல். என்ன செய்வது?

மேட்டுப்பாளையத்தான் | 10.20
எந்த கன்ட்ரோலர்? எந்த முனை?