மாநகராட்சி பிடித்துப் போன தெரு நாய் திரும்பவில்லை, யாரிடம் கேட்பது?

தெருக்கோடி:
போன வாரம் எங்கள் தெருவில் நாலைந்து நாய்களைக் கருத்தடைக்கு என்று வண்டியில் ஏற்றிப் போனார்கள். மற்றவை கருத்தடை அடையாளமாகக் காதில் போட்ட வெட்டோடு திரும்பிவிட்டன, ரேஷன் கடை வாசலில் படுத்திருக்கும் செவலை மட்டும் வரவில்லை. கருத்தடை மையத்துக்குப் போனால் கேட்டைத் தாண்ட விடவில்லை. 'விட்டாச்சு சார்' என்கிறார் காவலாளி, எங்கே என்றால் தெரியாதாம். உள்ளேயிருந்து குரைப்பும் பினாயில் நெடியும்தான் வருகிறது. யாரைப் பிடிப்பது?

வெட்டிப்பேச்சு:
அதான் சுப்ரீம் கோர்ட்டே காப்பகத்தில் அடைக்கச் சொல்லிவிட்டதே, இனி எங்கே வரும்? கடிபட்டு ஊசிக்கு அலைபவனையும் கொஞ்சம் நினையுங்கள்.

மூன்றாம்மாடி:
அரைகுறையாகச் சொல்லாதீர்கள். அது 2025 ஆகஸ்ட் 11இல் டெல்லி வட்டாரத்துக்குப் போட்ட உத்தரவு, 22ஆம் தேதியே மாற்றிவிட்டார்கள். கருத்தடை, தடுப்பூசி முடிந்தால் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் உள்ளதும் ஆள்மேல் பாய்வதும்தான் விலக்கு. நவம்பர் 7இல் வந்தது வேறு: பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் மாதிரி இடங்களில் பிடித்தால் திரும்ப விடக் கூடாது. ரேஷன் கடை பக்கத்தில் பள்ளிக்கூடம் ஏதும் உண்டா?

தெருக்கோடி:
இல்லை. சந்துக்குள் இருக்கிற கடை.

பழையதன்னார்வலர்:
அப்படியென்றால் அவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். நான் ஒரு மையத்தில் கொஞ்ச காலம் உதவிக்குப் போனவன். ஒப்பந்தக்காரருக்கு நாய்க்கு இவ்வளவு என்றுதான் காசு, அதனால் வேகமாகப் பிடிப்பதில் இருக்கும் அக்கறை கொண்டுபோய் விடுவதில் இருக்காது, டிரைவர் போகிற வழியில் எங்காவது இறக்கிவிடுவார், செத்துப்போனாலும் நோட்டில் 'விடப்பட்டது' என்று எழுதிவிடுவார்கள். 2023 கருத்தடை விதிகளின்படி நாய் வந்ததும் கழுத்தில் எண் போட்ட பட்டை கட்டணும், பிடித்த இடத்தை எழுதணும், அறுவைக்குப் பிறகு குறைந்தது 4 நாள் வைத்திருக்கணும். பில் போடுகிறவன் புளுகுவான் என்று தெரிந்துதான் அறுவையில் அகற்றிய இனப்பெருக்க உறுப்புகளை எண்ணிச் சரிபார்க்கவும் சொல்லியிருக்கிறார்கள்! காவலாளியோடு மல்லுக்கு நின்று பயனில்லை, மாநகராட்சிக் கால்நடை மருத்துவ அலுவலருக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

மூன்றாம்மாடி:
கூடவே 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமை மனுவும் போடுங்கள். 'என் நாய் எங்கே' என்று கேட்டால் மழுப்புவார்கள். அந்தத் தேதியில் உங்கள் தெருவில் பிடித்த நாய்களின் பட்டை எண், விட்ட தேதி, விட்ட இடம், இறப்புப் பதிவேடு நகல் என்று கேளுங்கள். பதிலுக்கு 30 நாள் ஆகலாம், அதற்குள் மையத்தின் சிசிடிவி பதிவு அழிந்துவிடலாம், அதைப் பத்திரப்படுத்தச் சொல்லி இன்றே தனியாக ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள்.